நிழலை ஓதும் கல்வி

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்துக் கூறினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றிக் கொடுப்பவன் என்பன அவை. இவ்வகுப்பு இன்றும் பொருந்துவதே. ஆயினும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றனுள் இன்று புகுவார்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். அங்கே இருண்ட அறையொன்றில் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். நோயாளியின் முகத்தை அவர் பெரும்பாலும் காண்பதில்லை. அவன் உடம்பின் நிழலை மட்டுமே காண்கின்றார். கண்டபின் இரண்டு வரி எழுதுகின்றார். அவர் மருந்து கொடுப்பவரல்லர், கத்தி எடுப்பவருமல்லர். ஆனால் அவ்விரண்டு வரியை நம்பியே பிறர் மருந்து கொடுக்கின்றனர், கத்தியும் எடுக்கின்றனர். இவர் நான்கனுள் எதன்பாற் படுவர்? நோயை நாடி அறிதல் அதனைத் தீர்த்தலின் முற்பாதி ஆதலின், தீர்ப்பவரோடு சேர்த்து எண்ணுதலே தகும் என்பது எம் துணிபு.

யாம் பள்ளியாசிரியராயிருத்தலின், மக்களை வைத்தியக் கல்விக்கு அனுப்ப விழையும் நம் சங்கத்துப் பெற்றோர் சிலர் எம்மை வினவுவதுண்டு: “எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதற்கு இத்தனை ஆண்டுப் படிப்பு எதற்கு? இயந்திரம் எடுக்கின்றது, படம் தெரிகின்றது. இதிற் கற்க என்ன இருக்கின்றது?” என்று. வினா எளிது, விடை வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றில் நம் செங்கற்பட்டு நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். ஆதலின் அதனைச் சுருக்கி ஈண்டு உரைக்கப் புகுந்தாம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனி தேசத்து வூர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்பார், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கரிய அட்டையால் மூடியிருந்தும், சிறிது தொலைவில் இருந்த ரசாயனம் பூசிய திரை ஒளிர்ந்தது. அட்டையை ஊடுருவிச் சென்ற அக்கதிரின் தன்மை விளங்காமையின், கணிதத்தில் அறியாத தொகையைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்பதையே அதற்குப் பெயராக இட்டார். டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியார் கையைப் படம் பிடித்தார். விரலெலும்புகளும் விரலிலிருந்த மோதிரமும் அதில் விளங்கின. 1901-இல் பௌதிகத்திற்கென முதன்முதல் வழங்கப்பெற்ற நோபெல் பரிசு இவர்க்கே உரியதாயிற்று. கண்டதற்குத் தனியுரிமை கொள்ளாமல் உலகத்தார்க்குப் பொதுவாக விட்ட பெருந்தகை அவர்.

பொதுவாக விட்டமையின் யாவரும் எடுத்தாண்டனர். புகைப்படக்காரர், மின்சாரத் தொழிலாளர், பௌதிகர், வைத்தியர் எனப் பலரும் குழாய் வாங்கிப் படம் பிடித்தனர். கற்பிப்பார் ஒருவரும் இலர். கதிர் தீங்கு செய்யுமென்று அஞ்சினாரும் முதலில் இலர். காலைதோறும் குழாயின் வலிமையைச் சோதிக்கத் தம் கையையே நீட்டிப் பார்த்தனர் பலர். அக்கை சிவந்தது, புண்பட்டது, சிலர்க்கு விரலும் கையும் புற்றுநோயால் வெட்டுண்டன. தாமஸ் எடிசனிடம் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி என்பார் இவ்வாறு இரு கையும் இழந்து 1904-இல் மாண்டார். 1936-இல் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரியொன்றன் வளாகத்தில் எக்ஸ் கதிராலும் ரேடியத்தாலும் உயிர் நீத்தவர்க்கு நடுகல் ஒன்று எடுத்தனர். அதிற் பொறித்த பெயர்கள் 169. போரில் விழுப்புண் பட்டு வீழ்ந்தார்க்குக் கல் நட்டது நம் முன்னோர் வழக்கம். பிறர் நோயறியப் புகுந்து தம் உயிர் ஈந்தார்க்கு நட்ட இக்கல்லும் அம்மரபிற்கு ஒத்ததே.

இத்தனை பேர் மாண்டபின்னரே இதற்கு முறையான கல்வி வேண்டுமென்பது உலகத்தார்க்குப் புலனாயிற்று. 1920-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை இத்துறைக்கென ஒரு டிப்ளமோப் பட்டம் வகுத்தது. 1931-இல் இந்தியக் கதிரியலார் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 1934-இல் அமெரிக்க நாட்டில் இத்துறை வைத்தியரைத் தேர்ந்து சான்றளிக்கும் சபை தோன்றியது. அதே 1934-இல் நம் சென்னையிலும் ஒன்று நிகழ்ந்தது. 1835-இல் சிறு பள்ளியாகத் தொடங்கிய சென்னை வைத்தியக் கல்லூரியையும் அதனைச் சார்ந்த பொது ஆஸ்பத்திரியையும் அன்பர் அறிவர். அவ்வாஸ்பத்திரியில் எக்ஸ் கதிர்ப் பகுதியைப் பேணி வளர்த்த காப்டன் பர்னார்டு என்பாரின் முயற்சியால் இத்துறைக்கெனத் தனி நிலையம் எழுந்தது. பின்னர் அது அவர் பெயரையே பெற்று, பர்னார்டு கதிரியல் நிலையமென இன்றளவும் வழங்குகின்றது. படம் பிடித்தலும், கதிரால் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்தலும், இவ்விரண்டையும் மாணாக்கர்க்குக் கற்பித்தலும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. தென்னாட்டிற் கதிரியல் என்பது தொழிலாயிருந்த நிலையினின்று கல்வியாக உயர்ந்தது அந்நிலையத்தினாலேயே என்று கூறலாம்.

இனி, அக்கல்வியில் என்ன கற்பிக்கப்படுகின்றது என்பதைக் காண்போம். எக்ஸ் கதிர்ப் படம் நாம் பழகிய புகைப்படம் போன்றதன்று; அது ஒரு நிழல். சுண்ணச் சத்து மிகுந்த எலும்பு கதிரை மிகுதியும் தடுத்தலின் வெளுத்துத் தோன்றும். காற்று நிறைந்த நுரையீரல் தடுக்காமையின் கறுத்துத் தோன்றும். நீரும் தசையும் இடைப்பட்ட நிறம் கொள்ளும். முதுகெலும்பு, இருதயம், விலாவெலும்பு, நுரையீரல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளவை. நிழலிலோ ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. முன்னிருப்பது எது, பின்னிருப்பது எது என்பதைப் படம் சொல்லாது. ஆதலின் நேரே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு எடுத்து, மனத்தினாலே உடம்பை மீண்டும் கட்டிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

தமிழ்ப் புலவர்க்கு இஃது எளிதில் விளங்கும். பழைய ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும்; ஆயினும் மொழியும் பொருளும் அறியாதான் ஒரு வரியையும் படிக்க மாட்டான். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் எத்தனை பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார் என்பதும், சமண நூற்கொள்கையை அச்சமயத்தாரிடமே சென்று கேட்டறிந்தார் என்பதும் நாம் அறிந்தவை. கதிரியலார் நிலையும் அத்தகையது. உடற்கூறு அவர்க்கு இலக்கணம். நோய்க்கூறு அவர்க்கு இலக்கியம். கதிரின் பௌதிகம் ஏட்டையும் எழுத்தாணியையும் பற்றிய அறிவு. மூன்றும் கூடினாலன்றி நிழல் பேசாது.

இக்கல்வியில் ஒருவர் வாழ்நாள் எவ்வாறு சென்றது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். டாக்டர் காகர்ல சுப்பாராவ் 1925-இல் கிருஷ்ணா ஜில்லாவில் ஒரு சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். அந்த ஜில்லா அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்தது. விசாகப்பட்டினத்து ஆந்திர வைத்தியக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்று கதிரியல் கற்று, 1955-இல் மேற்கூறிய சபையின் தேர்வில் தேறினார். 1956-இல் ஐதராபாத் உஸ்மானியா வைத்தியக் கல்லூரிக்கு வந்து ஆசிரியரானார். 1970-இல் மீண்டும் அமெரிக்கா சென்று நியூயார்க்கிற் பேராசிரியராய் விளங்கினார். 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில், முதலமைச்சராயிருந்த என். டி. ராமராவ் அழைக்க, ஐதராபாத் நிஜாம் வைத்திய விஞ்ஞான நிலையத்தின் தலைமையை ஏற்கத் தாய்நாடு திரும்பினார். 2000-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தார். கற்றது ஓரிடம், கற்பித்தது ஈரிடம். வெளிநாட்டிற் பெரும்பதவி இருந்தும் முதுமையில் ஊர்க்குத் திரும்பி ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டி வளர்த்தமையே அவர்க்குப் புகழாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளர்க்கென அமைந்த நிலையம் பழமையானது. ராபர்ட் காக்ரேன் என்னும் பெரியார் அங்குத் தொண்டு செய்தவர். 1947-இல் வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியிலிருந்து பால் பிராண்டு என்னும் எலும்பு வைத்தியர் அவ்விடம் வந்து, நோயாளர் கைகளைக் கண்டார். விரல்கள் குறுகியிருந்தன. அக்காலத்தார் தொழுநோயே விரலைத் தின்றுவிடுகின்றது என்று எண்ணியிருந்தனர். கையைப் படம் பிடித்தால் எலும்பு முனை தேய்ந்து மழுங்கியிருத்தல் தெளிவாய்த் தெரியும், அதனில் ஐயமில்லை. ஆயின் ஏன் தேய்ந்தது என்பதைப் படம் கூறாது. பிராண்டும் உடனிருந்தாரும் நோயாளரின் அன்றாட வாழ்வை ஆண்டுக்கணக்கில் நுணுகி நோக்கினர். உணர்வற்ற கை கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுகின்றது, கூரிய கருவியை அழுத்திப் பிடிக்கின்றது. வலியில்லாமையாற் புண் கவனிக்கப்படுவதில்லை. அப்புண் புரையோடி எலும்பை அழிக்கின்றது. இதுவே காரணமெனக் கண்டனர். கண்டபின், கையைக் காத்தல் கூடும் என்னும் நம்பிக்கை பிறந்தது. நிழலிற் கண்டதும் அதன் காரணமும் வேறு வேறு என்பதைக் கதிரியல் மாணாக்கர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் இல்லை.

இரண்டாவது பாடத்தைக் கூறுமுன் மாமல்லபுரம் வரை ஒருமுறை சென்று வருவோம். அங்கே பெரும்பாறை இரண்டில் விரிந்து கிடக்கும் புடைச்சிற்பத்தை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்வான் யார்? பாசுபதம் வேண்டிய அருச்சுனன் என்பர் ஒரு சாரார். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் மற்றொரு சாரார். இருவரும் கற்றவர், இருவரும் காண்பது ஒரே கல். கண்ட பொருள் ஒன்றாயிருந்தும் கொண்ட கருத்து இரண்டாயிற்று.

சிற்பத்தில் இவ்வேறுபாட்டால் எவர்க்கும் தீங்கில்லை. நுரையீரற் படத்தில் அவ்வாறன்று. 1940-க்குப் பின் அமெரிக்க நாட்டில் க்ஷயரோகத்தைக் கண்டறியப் பல்லாயிரம் பேர்க்கு மார்புப் படம் எடுத்தபோது, எவ்வகைப் படம் சிறந்தது என்று ஆராயப் புகுந்தனர். ஜேக்கப் யெருஷால்மி என்னும் கணக்கியலாரும் சில கதிரியலாரும் சேர்ந்து 1947-இல் வெளியிட்ட முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. படத்தின் வகையால் வரும் வேறுபாட்டினும் படிப்பவரால் வரும் வேறுபாடே பெரிதாயிருந்தது. தேர்ந்த வைத்தியரும் நோயுள்ள படங்களில் நான்கிலொரு பங்கோ அதற்குச் சற்று மிகுதியோ காணாது விட்டனர். அதே படத்தைச் சில காலம் கழித்து அவரிடமே காட்டியபோது, முன்பு தாம் கூறியதைத் தாமே மறுத்ததும் உண்டு. கலிபோர்னியாவிற் பேராசிரியராயிருந்த ஹென்றி கார்லண்டு என்னும் கதிரியலார் 1949-இல் இதனை எடுத்துக்காட்டித் தம் துறையாரையே எச்சரித்தார். தம் குலத்தொழிலின் குறையைத் தாமே சபையில் எடுத்துரைத்தல் யாவர்க்கும் கூடுவதன்று.

இக்குறைக்குக் கண்ட மருந்து, ஒரே படத்தை இருவர் தனித்தனியே படித்தல் என்பதாம். இம்முறை பேரளவில் கையாளப்பெற்ற இடங்களுள் நம் செங்கற்பட்டு மாவட்டம் ஒன்று.

க்ஷயரோகத்தைத் தடுக்க இடும் பி.ஸி.ஜி. ஊசி 1948 முதல் நம் தேசத்தில் வழங்கலாயிற்று. அதனை ஆக்கும் ஆய்வுச்சாலை கிண்டியிலேயே அமைந்தது. ஆயினும் அவ்வூசியின் பயன் ஒரு நாட்டில் மிகுதியாகவும் மற்றொரு நாட்டில் குறைவாகவும் தோன்றியமையின், ஐயம் தீர ஒரு பேராய்வு வேண்டியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் துணையோடும் 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் அதனைத் தொடங்கியது. அக்காலத்து அம்மாவட்டம் இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளையும் தன்னுள் அடக்கியது. ஆய்வு நிகழ்ந்த ஊர்கள் திருவள்ளூர்ப் பக்கத்தன. 2,60,000-க்கு மேற்பட்டோர் அதிற் சேர்க்கப்பெற்றனர். சிலர்க்கு மெய்யான மருந்தும் சிலர்க்கு மருந்தில்லா நீர்மமும் இடப்பட்டன. எவர்க்கு எது என்பதை இட்டவரும் அறியார், இடப்பட்டவரும் அறியார்.

எக்ஸ் கதிர் இயந்திரம் ஏற்றிய வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் வரிசையில் நின்று மார்புப் படம் எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு சிறு படத்தையும் இருவர் ஒருவர் கருத்தை ஒருவர் அறியாது படித்தனர். ஐயுறத்தக்க நிழல் கண்டவிடத்து அவர்தம் கோழை சென்னை ஆய்வுச்சாலைக்கு அனுப்பப்பட்டு, கிருமி உண்டா என்று பார்க்கப்பட்டது. நிழலை மட்டும் நம்பி நோயென்று முடிவு கட்டினாரில்லை. இவ்வாறு மீண்டும் மீண்டும் ஊர் திரும்பி வந்து, யார்க்கு நோய் புதிதாய் வந்தது என்று கணக்கெடுத்தனர்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளிவந்தது. ஊசி பெரியவர்க்கு வரும் நுரையீரல் க்ஷயத்தைத் தடுக்கவில்லை என்பது முடிவு. உலகமே எதிர்பாராத விடை அது. பலர் ஐயுற்றனர்; கணக்கைக் குடைந்து நோக்கினர். பதினைந்து ஆண்டு முழுதும் தொடர்ந்து பார்த்த முடிவு 1999-இல் வெளிவந்தபோதும் அதுவே நிலைத்தது. அன்பர் இதனை வேறாகப் பொருள்கொள்ளலாகாது: சிறு குழந்தைகளுக்கு மூளைச் சவ்விலும் உடம்பெங்கும் பரவும் கொடிய க்ஷயத்தைத் தடுக்க அவ்வூசி உதவுகின்றது, ஆதலின் பிறந்த குழவிக்கு அதனை இடுதல் இன்றும் விதியே. பெரியவர் நோய்க்கு வேறு வழி தேடவேண்டும் என்பதே செங்கற்பட்டுக் கிராமங்கள் உலகிற்குக் கூறிய செய்தி. புதிய தடுப்பு மருந்து தேடும் முயற்சி இன்றும் தொடர்கின்றது.

அம்முடிவு உலகத்தாரால் ஒப்புக்கொள்ளப்பட்டது எதனால்? விரும்பிய விடையை விரும்பியவாறு காணும் கண்ணை அவர்கள் நம்பாமையினால். ஒரு கண்ணை மற்றொரு கண் சோதித்தது; இரு கண்ணையும் ஆய்வுச்சாலை சோதித்தது. பெயரறியாத உழவரும் கூலியாளரும் தாய்மாரும் வெயிலில் நின்று கொடுத்த மார்பின் நிழல் அவ்வகையால் சாத்திரமாயிற்று. அவர்களுக்கு நடுகல் இல்லை.

இக்காலத்து மாணாக்கர் செல்லும் வழியையும் கூறிவிடுவோம். செங்கற்பட்டிலேயே 1965 முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி உளது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து, நாடு தழுவிய தேர்வில் தேறி, மூன்றாண்டு கதிரியலில் எம்.டி. பயில வேண்டும். அதன்பின் ஓராண்டு முதுநிலை உறைவிட வைத்தியராயிருந்து ஆசிரியப் பதவிக்கு வரலாம். 1971-இல் இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பெற்ற ஸி.டி. படமும், அதன்பின் வந்த காந்தப் படமும், ஒலியலையாற் காணும் படமும் கற்க வேண்டியவற்றைப் பன்மடங்கு ஆக்கிவிட்டன. நல்லாசிரியர் கற்பிக்கும் முறையோ பழையதே: படத்தை முன் வைத்து, முதலில் மாணாக்கனையே பேச விடுகின்றார், அவன் கூறியதை எழுதி வைக்கின்றார், அறுவையிலோ ஆய்வுச்சாலையிலோ உண்மை தெரிந்த பிறகு அவ்வேட்டை மீண்டும் திறக்கின்றார். தன் பிழையைத் தானே கணக்கெடுக்கப் பழகுதலே அம்மூன்றாண்டின் பெரும்பகுதி.

கதிரின் அளவறிதலும் அதிற் சேரும். மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில், உலோக உறுப்புக்களின் உட்பிளவையும் கதிரால் ஊடுருவிக் காண்கின்றனர். இரும்பை எத்தனை முறை படம் எடுத்தாலும் அது வருந்தாது. மனித உடம்பு அத்தகையதன்று. வேண்டாத படத்தை ‘வேண்டா’ என்று மறுத்தலும் கதிரியலார் கடமை. “எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்” என்று வைத்தியரை வற்புறுத்தும் நம்மவர் இதனை உளங்கொள்க.

இன்னும் ஒன்று. காண்பது அனைத்தையும் கூறுதல் அவர்க்கு அறமாகாத இடமும் உண்டு. கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்பது ஒலியலைப் படத்திற் புலனாகும். அதனை வெளியிடுதல் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றம். பெண்ணென்று அறிந்து கருவை அழித்த கொடுமை நம் தேசத்தில் மிகுந்தமையாலேயே அச்சட்டம் பிறந்தது. நம் சங்கத்துக் குடும்பத்தவர் ஒருவரும் அவ்வினாவை எந்தக் கதிரியலாரிடமும், நம் உறவினரேயாயினும், வினவலாகாது. உறவின் உரிமையாற் கேட்டு ஒரு நல்ல வைத்தியரைக் குற்றத்திற்கு இழுத்தலினும், ஒரு பெண்மகவைப் பிறவாமுன் இழத்தலினும் பெரிய பழி குடும்பத்திற்கு வேறில்லை.

ஆதலின் பெற்றோர்க்கு எம் விடை இது. இயந்திரம் படம் எடுக்கின்றது என்பது மெய். கணிப்பொறியே படத்தைப் படிக்கும் காலமும் வந்துகொண்டிருக்கின்றது. அதுவும் ஒரு கண்ணே, அதனையும் மற்றொரு கண் சோதிக்கத்தான் வேண்டும். தான் கண்டதைத் தானே ஐயுற்று மீண்டும் நோக்கும் பொறுமையும், காரணம் தெரியாதவிடத்துத் தெரியாதென்று எழுதும் நேர்மையும், கூறத்தகாததைக் கூறாத அடக்கமும் உடைய பிள்ளை நும் வீட்டில் இருக்குமாயின், ஆணாயினும் பெண்ணாயினும், இக்கல்விக்கு அனுப்புக. அப்பிள்ளையை நோயாளர் அறியார். நன்றி கூற அவ்விருட்டறைக்கு வருவாரும் அரியர். அதனை அறிந்தே அனுப்புக.